கணக்குப்பிள்ளை வீடு வீடாகச் செல்கிறார்

மின்கட்டணச் சீட்டுக்கும் வங்கிப் பாஸ்புத்தகத்திற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பாஸ்புத்தகத்தில் ஒவ்வொரு பற்றும் அது நிகழ்ந்த நாளோடும் காரணத்தோடும் பதிவாகியிருக்கும். நூறு ரூபாய் எங்கே போயிற்று என்று கேட்டால் அது பதில் சொல்லும். மின்கட்டணச் சீட்டு அவ்வாறு சொல்வதில்லை. குளிர்சாதனப் பெட்டி எடுத்தது எவ்வளவு, கீசர் எடுத்தது எவ்வளவு, எவரும் இல்லாத அறையில் சுழன்ற மின்விசிறி எடுத்தது எவ்வளவு என்பனவற்றையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, ‘340 யூனிட்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். விவரம் இல்லாத பற்றை நமது வங்கிக் கணக்கில் நாம் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டோம். மின்கணக்கில் மட்டும் மாதந்தோறும் மறுபேச்சின்றிச் செலுத்திவிடுகிறோம்.

மும்பை செம்பூரில் ஒரே குடியிருப்பில் வாழும் எங்கள் ஐந்து குடும்பங்களை இந்தக் கேள்விதான் ஒன்றுசேர்த்தது என்று எழுதினால் அது மிகையாகிவிடும். எங்களை ஒன்றுசேர்த்தவை கேரம் பலகையும் வடிகட்டிய காப்பியும்தாம். ஞாயிறு மாலைகளில் ஒருவர் வீட்டில் கூடுவது பல ஆண்டுகளாக எங்களுக்குள் இருந்துவரும் வழக்கம். இரண்டு தமிழ்க் குடும்பங்கள். பாலக்காட்டிலிருந்து வந்து இங்கே மூன்றாம் தலைமுறையாக வாழும் ஒரு குடும்பம். ஒரு மராத்தியக் குடும்பம். நாட்டுப் பிரிவினைக்குப் பின் செம்பூர் முகாமில் குடியேறிய சிந்தி மக்களின் வழிவந்த ஒரு குடும்பம். எங்களுள் இருவர் வங்கி அலுவலர்கள். ஒருவர் பள்ளி ஆசிரியை. ஒருவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். மற்றொருவர் மருந்துக்கடை நடத்துகிறார். ஒத்த கருத்துடையவர்கள் என்று சொல்லும்படி எங்களிடையே இருந்தது ஒன்றே ஒன்றுதான்: வீணாவதைக் கண்டால் ஐவருக்கும் பொறுக்காது.

எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்றால் டிராம்பே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். மும்பைக்கு மின்சாரம் முதலில் வந்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரிலிருந்து. கோப்போலி நீர்மின் நிலையம் 1915இல் இயங்கத் தொடங்கியது. நகரம் பெருகப் பெருக நீர் போதாமல் எண்ணெயும் நிலக்கரியும் எரிவாயுவும் வந்து சேர்ந்தன. இந்தியாவின் மின் உற்பத்தியில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியையே நம்பியிருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கின்படி, நாட்டின் மின்தொகுப்பிலிருந்து பெறப்படும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. 340 யூனிட் என்பது மாதத்திற்குச் சற்றேறக்குறைய 240 கிலோ. மாலைக் காற்றுக்காக நாங்கள் போய் அமரும் இடத்திலிருந்தே அந்தப் புகைபோக்கி தெரிவதால், இது எங்கோ தொலைவில் உள்ள செய்தி என்று ஒதுக்கிவிட எங்களால் இயலவில்லை.

அரசு தன் பங்கில் கணிசமானதைச் செய்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2002இல் எரிசக்தித் திறன் செயலகம் அமைந்தது. மின்சாதனங்களின்மேல் இன்று நாம் காணும் நட்சத்திர முத்திரை 2006இல் தொடங்கியது. 2015 ஜனவரியில் தொடங்கப்பட்ட உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டன. அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்த விலை 2014இல் பல்பு ஒன்றுக்கு 310 ரூபாயாக இருந்து, 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. வணிகவியல் படித்தவர்களுக்கு இதைவிடச் சுவையான பாடம் வேறு கிடைக்காது. ஆனால், பல்பு மாற்றியதோடு கடமை முடிந்தது என்று பெரும்பாலான வீடுகள் அமைதியடைந்துவிட்டன. உண்மையில் வீட்டின் மின்செலவில் விளக்கின் பங்கு சிறிது. வெப்பத்தை உண்டாக்குவதும், வெப்பத்தை வெளியேற்றுவதும், நாளெல்லாம் ஓடுவதுமே பெருஞ்செலவு.

எது எவ்வளவு என்று அறிய நாங்கள் ஐந்து குடும்பங்களும் பணம் சேர்த்து ஒரு சிறு கருவி வாங்கினோம். சுவரிலுள்ள பிளக்கில் அதைச் செருகி, அதன்மேல் சாதனத்தைச் செருகினால், அந்தச் சாதனம் எத்தனை வாட் இழுக்கிறது, இதுவரை எத்தனை யூனிட் எடுத்தது என்று காட்டும். விலை ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாரம் என்று முறைவைத்து அது சுற்றத் தொடங்கியது. பாலக்காட்டு வீட்டு மாமி அதற்குக் ‘கணக்குப்பிள்ளை’ என்று பெயர் சூட்டினார். அன்றுமுதல், “இந்த வாரம் கணக்குப்பிள்ளை எங்கே?” என்பதே எங்கள் ஞாயிறுக் கூட்டத்தின் முதல் கேள்வி.

கணக்குப்பிள்ளை தாட்சண்யம் பார்ப்பதில்லை. சிந்திக் குடும்பத்தின் குளிர்சாதனப் பெட்டி பன்னிரண்டு வயதானது; நாளொன்றுக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் எடுத்தது. பெட்டியையே மாற்றிவிட வேண்டும் என்று நால்வர் தீர்ப்பு வழங்கினர். ரயில்வேக்காரர் மட்டும் ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவின் ஓரத்தில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். தாள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை தளர்ந்து, குளிர் இரவும் பகலும் வெளியே கசிந்துகொண்டிருந்தது. பட்டையை மாற்றி, பெட்டியைச் சுவரிலிருந்து அரையடி நகர்த்தியபின் அடுத்த வார அளவு ஒன்றரை யூனிட்டாகக் குறைந்தது. ரூபாய்த் தாளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பதை வங்கிக்காரர்களாகிய நாங்கள் ஒரு ரயில்வேக்காரரிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

தொலைக்காட்சியின் செட்டாப் பெட்டி எங்கள் எல்லோரையும் வியப்பில் ஆழ்த்தியது. ரிமோட்டில் அணைத்தபின்னும் அது பத்து வாட்டை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. நாளில் நான்கு மணி நேரம் தொலைக்காட்சி பார்க்கும் வீட்டில், பார்க்காத இருபது மணி நேரத்திற்கும் சேர்த்து மாதம் ஆறு யூனிட் இப்படிப் போகிறது. சுவர் சுவிட்சை அணைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. எழுந்து செல்லும் சோம்பல்தான் குறுக்கே நின்றது.

மின்விசிறியைக் கூரையிலிருந்து கழற்றிக் கணக்குப்பிள்ளையிடம் கொண்டுவர முடியாது. ஆனால் அதன் கணக்கைத் தாளில் போட்டாலே போதும். வழக்கமான பழைய விசிறி 75 வாட். பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய புதிய விசிறி முழு வேகத்தில் 28 முதல் 35 வாட். நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் சுழலும் கூடத்து விசிறியை மாற்றினால், மாதம் ஏறத்தாழ இருபது யூனிட் மிச்சம். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 160 ரூபாய். மூவாயிரம் ரூபாய் விசிறி, குளிர்மாதங்களைக் கழித்தாலும், இரண்டு ஆண்டில் தன் விலையைத் திருப்பித் தந்துவிடுகிறது. இவ்வளவு வருவாயை எந்த வைப்புநிதியும் தராது. நாங்கள் இதை எழுதலாமா என்பது வேறு. எல்லா விசிறிகளையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. அதிக நேரம் சுழல்வதை முதலில் மாற்ற வேண்டும். விருந்தினர் அறையில் ஆண்டுக்குப் பத்து நாள் சுழலும் விசிறி அங்கேயே இருக்கட்டும்.

கீசரில் நாங்கள் கண்டது வேறு வகை. பதினைந்து லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 0.6 யூனிட் வேண்டும். பின்னர் அதில் குளிர்ந்த நீரைக் கலந்துதான் குளிக்கிறோம். நாற்பத்தைந்து டிகிரியில் நிறுத்திவைத்தால் ஒருவர் குளிக்க 0.35 யூனிட்டில் வேலை முடிகிறது. சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்துவிடும் வீடுகளில், தண்ணீர் ஆற ஆறக் கருவி மீண்டும் மீண்டும் சூடாக்கிக்கொண்டே இருக்கும். குளிரூட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நட்சத்திர முத்திரை பெற்ற அறைக் குளிரூட்டிகள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியில்தான் இயங்கத் தொடங்கும்படி விதி செய்யப்பட்டிருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு டிகிரி குறைக்கும்போதும் மின்செலவு ஏறத்தாழ ஆறு விழுக்காடு கூடுகிறது. பதினெட்டில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்ளும் வழக்கத்திற்கு எங்களால் நியாயம் கற்பிக்க முடியவில்லை. முத்திரையை வாசிக்கும்போது நட்சத்திரங்களோடு அச்சிட்டிருக்கும் ஆண்டையும் பார்க்க வேண்டும். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய ஆண்டின் ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து நட்சத்திரத்திற்கு ஈடாகாது.

இந்த யூனிட்டுகளின் மதிப்பு, கட்டணப் படிகளைப் பார்த்தால்தான் விளங்கும். மும்பையில் வீட்டு மின்கட்டணம் 100, 300, 500 யூனிட் என்ற எல்லைகளில் படிப்படியாக ஏறுகிறது. ஆகவே நாம் மிச்சப்படுத்தும் யூனிட் எப்போதும் மேற்படியிலுள்ள, விலை மிகுந்த யூனிட். வருமான வரி அடுக்குகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். 340 யூனிட் எடுத்த வீடு ஐம்பது யூனிட்டைக் குறைத்தால் ஒரு படியே இறங்கிவிடுகிறது. நிலைக்கட்டணம் மட்டும் குறையாது. பாதி யூனிட்டைக் குறைத்தவர் பாதிக் கட்டணத்தை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

இரண்டு மாதம் சென்றபின், ஐந்து வீடுகளையும் வரிசைப்படுத்தி, மிகக் குறைவாக எடுத்த வீட்டுக்கு மாதந்தோறும் ஒரு பரிசு கொடுக்கலாம் என்று ரயில்வேக்காரர் யோசனை கூறினார். கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. ஆசிரியை மறுத்துவிட்டார்.

அவருடைய தாயாருக்கு எண்பத்து நான்கு வயது. கணக்குப்பிள்ளை வருவதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில், மகள் பள்ளிக்குச் சென்றபின் அம்மூதாட்டி குளிரூட்டியை அணைத்துவிட்டார். ஒருவருக்காக எதற்கு என்று விசிறியையும் அணைத்துவிட்டுச் சன்னலோரம் அமர்ந்திருந்தார். வாழ்நாள் முழுவதும் சிக்கனமாக வாழ்ந்த பழக்கம் அது. யாரும் சொல்லிச் செய்ததன்று. பிற்பகலில் பால் வாங்கி வைக்க வந்த பணிப்பெண் அவரைத் தரையில் மயங்கிய நிலையில் கண்டார். மருத்துவமனையில் மூன்று நாள் இருந்து அவர் மீண்டார். மும்பையின் கோடையில் வெப்பமானியின் எண் பெரிதாகத் தோன்றாது. ஆனால் காற்றின் ஈரத்தால் வியர்வை உலர்வதில்லை. வியர்வை உலராவிட்டால் உடல் தணியாது. முதியவர்களுக்குத் தாகமும் தாமதமாகவே தெரியும். “நம் பட்டியலில் எங்கள் வீடு கடைசியில் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்தால், மறுநாளே விசிறியை நிறுத்திவிடுவார்,” என்றார் ஆசிரியை. அதன்பின் பரிசைப் பற்றி எவரும் பேசவில்லை.

அன்று மாலை கேரம் ஆடவில்லை. எதைக் குறைக்கலாம் என்ற பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, எதைக் குறைக்கக் கூடாது என்று எழுதினோம். முதியவர் இருக்கும் அறையின் விசிறி. கோடை நண்பகலில் அவர்களுக்கான குளிரூட்டி. படிக்கும் பிள்ளையின் விளக்கு. இன்சுலின் வைத்திருக்கும் வீட்டின் குளிர்சாதனப் பெட்டி, அது எவ்வளவு பழையதாக இருந்தாலும். ஒரு வீட்டை மற்றொரு வீட்டோடு ஒப்பிடுவதில்லை என்றும், தன் வீட்டின் இந்த ஆண்டு மே மாதத்தைச் சென்ற ஆண்டு மே மாதத்தோடு மட்டுமே ஒப்பிடுவது என்றும் முடிவாயிற்று. நிறுமங்களின் இருப்புநிலைக் குறிப்பையும் அப்படித்தானே வாசிக்கிறோம்? நாங்கள் எடுத்த முடிவுகளில் மிகப் பயனுள்ளது இதுவே என்று இன்றும் கருதுகிறோம். ஆசிரியையின் வீட்டில் பகலெல்லாம் சுழன்ற அந்தப் பழைய விசிறியைத்தான் ஐந்து குடும்பங்களிலும் முதலாவதாக மாற்றினோம். இது குறைந்த மின்சாரத்தில் ஓடுவது, நிறுத்தத் தேவையில்லை என்று அவருடைய தாயாரிடம் சொல்லியிருக்கிறோம். அவரும் கணக்குப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

இந்தப் பட்டியல் எங்களைக் கட்டடத்தின் வாயில்வரை அழைத்துச் சென்றது. வாயிற்காவலரின் அறை தகரக் கூரை வேய்ந்தது. பொதுச்செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு சொசைட்டியில் எழும்போதெல்லாம், காவலர் அறை விசிறி இரவும் பகலும் ஓடுகிறது என்று யாரேனும் ஒருவர் சுட்டிக்காட்டுவது வழக்கம். ஓடத்தானே வேண்டும், இரவும் பகலும் அங்கே ஒருவர் இருக்கிறார் அல்லவா? நாங்கள் கூரைக்கு வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோம், விசிறியை மாற்றினோம். செலவை ஐந்து குடும்பங்களும் ஏற்றுக்கொண்டன. இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் விசிறியை மாற்றுவதைவிட விரைவில் பலன் தரும் முதலீடு கட்டடத்தில் வேறு இல்லை என்று செயற்குழுவுக்கு எழுதிய கடிதத்தில் கணக்கோடு காட்டியிருந்தோம்.

அந்தக் கடிதம் வேறு சில கதவுகளையும் திறந்தது. ஏழு மாடிப் படிக்கட்டில் பதினான்கு பழைய குழல்விளக்குகள் இரவு முழுவதும் எரிந்தன. சோக்கையும் சேர்த்து ஒவ்வொன்றும் 50 வாட். அவற்றை 20 வாட் எல்.இ.டி. குழல்களாக மாற்றியதில் மாதம் 150 யூனிட் குறைந்தது. ஆள் வரும்போது மட்டும் எரியும் உணரி பொருத்தலாம் என்ற யோசனையை இரண்டாம் மாடி முதியவர் ஒருவர் எதிர்த்தார். இருட்டுப் படியில் முதல் காலை எடுத்துவைக்கத் தனக்கு அச்சம் என்றார். நியாயமாகவே பட்டது; கைவிட்டோம். மேல்நிலைத் தொட்டி தினமும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் அரைமணி நேரம் வீணாக ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு யூனிட்; அதோடு தண்ணீரும் நட்டம். ஒரு மிதவை சுவிட்ச் அதை நிறுத்தியது. இவற்றையெல்லாம் சமூகப்பணி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, கணக்கைக் கேட்டு, பதில் வரும்வரை அமராமல் இருப்பது எளிதான செயலன்று. தனியாளாக நின்றால் குறைகாண்பவர் என்று பெயர் வந்துவிடும். ஐவராக எழுந்தபோது அதே கேள்வி ஆலோசனையாக ஏற்கப்பட்டது.

எல்லாம் நினைத்தபடி நடந்துவிடவில்லை. மொட்டைமாடியில் சூரியத் தகடுகள் அமைப்பது எங்கள் பெரிய விருப்பம். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரியவீடு திட்டத்தில், தனிவீட்டுக்கு இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். தனிவீட்டார் பொதுத்துறை வங்கிகளில் பிணையின்றிக் கடன் பெறவும் வழி இருக்கிறது; வாசகர்கள் தத்தம் கிளையில் விசாரிக்கலாம். பத்துக் கிலோவாட் அமைத்தால் நல்ல வெயில் நாளில் நாற்பது யூனிட் கிடைக்கும். மழைக்காலத்தில் வெகுவாகக் குறையும். மின்தூக்கிக்கும் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் அதுவே பெரிய துணை. கணக்கைப் பொதுக்கூட்டத்தின்முன் வைத்தோம். எவரும் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கட்டடம் பழையது. செம்பூரில் தெருவுக்குத் தெரு நடப்பதுபோல் இதையும் இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் தகட்டை, ஐந்தாண்டில் இல்லாமற்போகக்கூடிய கூரையின்மேல் எப்படி வைப்பது? இதற்கு எங்களிடம் பதில் இல்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. இடித்துக் கட்டும் ஒப்பந்தத்தில் சூரியத் தகடுகளையும் காற்றோட்டமான சன்னல்களையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மிச்சமான பணத்தைப் பற்றியும் ஒரு சொல். மின்கட்டணம் குறைந்த மகிழ்ச்சியில் இரண்டாவது குளிரூட்டி வாங்கிய வீடுகளை நாங்கள் அறிவோம். ஆகவே சென்ற ஆண்டின் அதே மாதக் கட்டணத்திற்கும் இந்த மாதக் கட்டணத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து, ஒவ்வொரு குடும்பமும் மாதம் 500 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்துவது என்று ஏற்பாடு. பெயர் ஏதும் இல்லாமல் செலவில் கரைந்துபோகும் பணம், கணக்கு எண் பெற்றுவிட்டால் நிலைத்துவிடுகிறது. மருந்துக்கடைக்காரரின் குடும்பம் இரண்டாண்டு முதிர்வுத் தொகையோடு சிறிது சேர்த்து இவ்வாண்டு புதிய குளிர்சாதனப் பெட்டி வாங்கியது. பழையதை வராந்தாவில் இரண்டாம் பெட்டியாக ஓடவிடாமல் அன்றே பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதும் ஞாயிறுக் கூட்டத்தில் எடுத்த முடிவுதான்.

கோடையில் எங்கள் கூட்டம் நீளும். மே மாத ஞாயிறுகளில் பகல் இரண்டு மணிக்கே அனைவரும் ஒரே வீட்டுக் கூடத்தில் சேர்ந்துவிடுகிறோம். நான்கு வீட்டுக் குளிரூட்டிகள் ஓய்வெடுக்க, ஒன்று மட்டும் 25 டிகிரியில் ஓடுகிறது, மேலே விசிறி. ஆசிரியையின் தாயாருக்குச் சாய்வு நாற்காலி. சிந்தி வீட்டின் சுட்ட அப்பளமும், மராத்தியர் வீட்டுப் பன்னா எனும் மாங்காய்ப் பானகமும், முந்தின இரவே ஊறவைத்ததால் இரண்டு விசிலில் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டலும் வரும். பிள்ளைகள் தரையில் படுத்துக் கதைப்புத்தகம் வாசிக்கும். அந்த நான்கு மணி நேரத்தில் எத்தனை யூனிட் மிச்சமாயிற்று என்று ஒருமுறை கணக்கிடத் தொடங்கினோம். நடுவில் யாரோ சிவப்புக் காயைக் குழியில் போட்டுவிடவே, கணக்கு அங்கேயே நின்றுவிட்டது.

ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பரில் வருகிறது. காவலர் அறைக்குச் சன்னல் வைப்பதும் மின்தூக்கியின் உள்விளக்குகளை மாற்றுவதும் நிகழ்ச்சி நிரலில் உள்ளன. கணக்குப்பிள்ளை இப்போது எதிர்க்கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறார். ஒரு வாரத்திற்கென்று கேட்டு வாங்கிச் சென்றார்கள். மூன்று வாரமாகிறது, அங்கிருந்து நான்காம் மாடிக்குப் போய்விட்டதாகக் கேள்வி.